இடையில் யாரும் இல்லாத இரண்டு எண்கள்

இந்த அறைக் கதவின் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், மேடம், இப்படிக் கத்தாது. காலையிலிருந்து யார் வந்தாலும் போனாலும் முனகிக்கொண்டே இருக்கிறது. கதவுகளோடு பிழைப்பு நடத்துகிறவள் நான், அதனால் சொன்னேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் அடிக்கடி கடிகாரத்தைப் பார்ப்பதாக உங்கள் கான்ஸ்டபிள் காதோடு வந்து சொன்னார். அவர் கவனித்தது சரிதான். மாலையில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆனால் அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, நீங்கள் அவசரப்பட வேண்டாம். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன். முதலிலிருந்து சொல்ல விடுங்கள், அது ஒன்றுதான் நான் கேட்பது. நடுவிலிருந்து ஆரம்பித்தால் நான் ஏதோ பொல்லாதவள் போலத் தெரியும்.

வெளியே நடையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பவர் என் தங்கையின் கணவர். அவருக்கு ஒரு டீ கொடுக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் அழுதால் தலைவலி வரும்.

நாங்கள் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்பூட்டு செய்கிறோம். சின்ன நிறுவனம்தான். ஒவ்வொரு பூட்டுக்கும் நீளமான எண் ஒன்று உண்டு. இரண்டு பகா எண்களைப் பெருக்கி வருவது அது. பெருக்கி வந்த எண் பூட்டில் இருக்கும். அதை யாரும் பார்க்கலாம். எந்த இரண்டைப் பெருக்கினோம் என்பது மட்டும் சாவிக்குள் ஒளிந்திருக்கும். அந்த இரண்டும் தெரிந்தவருக்குக் கதவு திறக்கும். தொண்ணூற்றொன்று என்று நான் சொன்னால் ஏழும் பதின்மூன்றும் என்று நீங்கள் கொஞ்சம் யோசித்துச் சொல்லிவிடுவீர்கள். எங்கள் எண்களை எழுதினால் பக்கம் நிறையும். அவற்றை உடைத்து உள்ளே இருக்கும் இரண்டைக் கண்டுபிடிக்க ஒரு ஆயுள் போதாது.

ஆனால் சில எண்கள் பார்க்கத்தான் நீளமாக இருக்கும், தட்டினால் உடைந்துவிடும். அப்படிப்பட்டது வாடிக்கையாளர் வீட்டுக் கதவில் போய் உட்காரக் கூடாது. அதற்காக நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். ஒவ்வொரு எண்ணையும் தனக்குத் தெரிந்த வழியிலெல்லாம் அது உடைத்துப் பார்க்கும். உடையவில்லை என்றால் பூட்டு வெளியே போகலாம். ஒரு எண்ணுக்கு நெடுநேரம் எடுக்கும். அதே எண்ணைப் பூட்டு செய்யும்போது கேட்பார்கள், கதவில் பொருத்தும்போது கேட்பார்கள், பழுது பார்க்கப் போகும்போதும் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போட்டால் எப்படி? அதனால் ஒருமுறை கண்ட பதிலை அது எடுத்து வைத்துக்கொள்ளும்படி செய்தேன். கேஷ் என்று அதற்குப் பெயர். எங்கள் அலுவலகத்தில் ஞாபகம் என்றே சொல்வோம். அடுத்த முறை அதே எண் வந்தால் கணக்கே போடாது. ஞாபகத்தில் இருப்பதை எடுத்து நீட்டிவிடும்.

இதில் ஆபத்தில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நான் அதை ஃபங்ஷனல் முறையில் எழுதியிருந்தேன். அந்த முறையில் எனக்குப் பிடித்த குணமே அதுதான். ஒரே கேள்விக்கு ஒரே பதில். மழை பெய்தாலும் சரி, கேட்கிற ஆள் மாறினாலும் சரி, எத்தனை காலம் கழித்துக் கேட்டாலும் சரி. அப்படி இருக்கும்போது மறுபடி கேட்பது வீண் வேலைதானே.

இதை நான் விளக்கியபோது எதிர் மேஜைக்காரர் தலையாட்டாமல் உட்கார்ந்திருந்தார். உங்களிடம் வந்து என்னைப் பற்றிச் சொன்னவர் அவர்தான். குழாயை மூடிவிட்டு வந்து, மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். எல்லோரும் டவுட்டு என்றே கூப்பிடுவோம்.

"மெஷினுக்குச் சரிங்க. நான் இதை வீட்டுல செஞ்சு பாத்தேன்," என்றார். "காலையில எம் பொண்டாட்டிகிட்ட கோவமான்னு கேட்டேன், இல்லைன்னா. சாயங்காலம் அந்தப் பதிலையே நம்பிப் போய் உக்காந்தேன். வாங்குன திட்டுல பக்கத்து வீட்டு நாயே எந்திரிச்சுப் போயிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மனைவி ஒழுங்காக எழுதப்படவில்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஐந்து வயது ஆகும்போது எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே விபத்தோடு போய்விட்டார்கள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் போனார்கள். வீட்டில் அத்தனை நாற்காலிகள் வெறுமனே இருந்தன. எனக்குப் பயமாக இருந்தது, மேடம். பத்தொன்பது வயதுப் பெண் சமையலறை விளக்கை அணைக்கப் பயந்துகொண்டு நின்றேன். அவள் வந்து என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ என்னை விட்டுட்டுப் போயிடுவியா?" என்று நான்தான் கேட்டேன். பெரியவள் நான், சின்னவளிடம் கேட்டேன்.

"போக மாட்டேன்க்கா," என்றாள்.

அதோடு என் பயம் போய்விட்டது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறேன். மறுபடி ஒருநாளும் அவளிடம் அதைக் கேட்டுத் தொந்தரவு செய்ததில்லை.

கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் உண்மையிலேயே அப்படித்தான் வளர்த்தேன். அவள் தலைக்கு எந்தப் பக்கம் வகிடு எடுத்தால் சுழி மறையும் என்று எனக்குத்தான் தெரியும். மூடிய இடம் என்றால் அவளுக்கு ஆகாது. குளியலறைக் கதவைக்கூடச் சும்மா சாத்திவைத்துத்தான் குளிப்பாள். நான் வெளியே காவல் நிற்பேன். பிறகு பெரியவளாகி, மழலையர் பள்ளி ஒன்றில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஆனாள். எப்போது பார்த்தாலும் விரல் நுனியில் ஏதாவது ஒரு வண்ணம் ஒட்டியிருக்கும்.

அந்தப் பள்ளிக் கட்டடத்து லிஃப்டில் ஒருநாள் மாட்டிக்கொண்டாள். சரிசெய்ய வந்த மெக்கானிக்தான் வெளியே உட்கார்ந்து அழுபவர். அவர் உடனே கதவைப் பிளக்கவில்லையாம். மேலே உட்கார்ந்து, வேலை செய்துகொண்டே அவளோடு பேசினாராம். "டீச்சர், யானை வரையத் தெரியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பீங்க, தும்பிக்கையா, வாலா?" என்று. யானையை அவள் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டதாம். இதை என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நல்ல மனிதர்தான். என்னையும் அக்கா என்றே கூப்பிட்டார். நான் முழு மனதோடு சம்மதித்தேன். என் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக் கொடுத்ததே நான்தான்.

கல்யாணப் பரிசாக ஒரு பூட்டு கொடுத்தேன். எண்ணையும் நானே தேர்ந்தெடுத்தேன். அவள் பிறந்த தேதியைத் திரும்பத் திரும்ப வரிசையாக எழுதினேன், எங்கள் பூட்டுக்கு வேண்டிய பாதி நீளம் வரும்வரை. அதற்கு மேலே வரும் முதல் பகா எண் அவள். அதற்கு அடுத்து வரும் பகா எண் நான். இரண்டுக்கும் நடுவில் வேறு பகா எண்ணே கிடையாது. இரண்டையும் பெருக்கினேன். அவள் வாசலில் நாங்கள் இருவரும் ஒன்றாகப் பெருகி நிற்பதை நினைத்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது.

ஆனால் அப்படிப்பட்ட எண் சுலபமாக உடையும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டைப் பெருக்கினால், பெருக்கி வந்ததன் வர்க்கமூலத்தைப் பிடித்து அங்கிருந்து இரண்டு பக்கமும் நாலடி நகர்ந்தால் போதும், இருவரும் அங்கேயே நிற்பார்கள். என் புரோகிராம் முதலில் செய்கிற சோதனையே அதுதான். எனவே அதற்கு நான் கொஞ்சம் உதவி செய்தேன். புரோகிராமைத் தொடவில்லை. அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதன் ஞாபகத்தில் மட்டும் ஒரு பதிலைச் சேர்த்து வைத்தேன். இந்த எண்ணை ஏற்கெனவே பார்த்தாயிற்று, உடையவில்லை என்று. அதன் பிறகு யார் கேட்டாலும் அது கணக்குப் போடாமல் அதையே சொன்னது. பாவம், அது பொய் சொல்லவில்லை. தன் ஞாபகத்தை நம்பியது, அவ்வளவுதான்.

முதலில் சும்மாதான் போனேன். மதிய இடைவேளையில் அவள் பள்ளியில் இருப்பாள், அவர் ஏதாவது ஒரு மாடியில் தொங்கிக்கொண்டிருப்பார். அவளுடைய துணி காயப்போட்டபடி கிடக்கும். மடித்து வைத்துவிட்டு வருவேன். செடிக்குத் தண்ணீர் விடுவேன். அவள் தலையணையில் கொஞ்ச நேரம் தலை வைத்திருந்துவிட்டு எழுந்து, சுருக்கத்தை நீவிவிட்டு வருவேன். அவள் இவற்றைக் கவனிக்கவே இல்லை. கவனித்தபோதும், "நீங்க மடிச்சீங்களா? பரவால்லயே, பொறுப்பு வந்துடுச்சே," என்று கணவரைக் கொஞ்சியிருக்கிறாள். என் வேலைக்கு அவருக்குப் பாராட்டு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள்.

"அக்கா, இவருக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு. நாப்பது மாடிக் கட்டடமாம். லிஃப்ட் மட்டுமே ஒரு டஜன் இருக்காம்," என்றாள். வாயில் சாப்பாடு இருந்தது, அதனால் கன்னம் உப்பியிருந்தது. ஐந்து வயதில் எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள்.

"நீ எப்பக்கா வந்து பாப்ப? லீவு போட்டுட்டு வா," என்றாள்.

நான் தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, நடுப்பகல் வேறு. ஆனால் அந்தப் பழைய நாற்காலிகளெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. அவ்வளவு பயத்தை நீங்கள் அனுபவித்திருக்கிறீர்களா, மேடம்? அனுபவித்திருந்தால் மிச்சத்தைச் சொல்லவே தேவையில்லை.

அவள் போக மாட்டாள் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கிறாளே. அவளுக்கு அது மறந்துவிட்டது, அவ்வளவுதான். நினைவுபடுத்த வேண்டியது என் கடமை.

அடுத்த முறை போனபோது சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை எடுத்து வாசல் கதவைப் பார்த்தபடி போட்டுவிட்டு வந்தேன். வேறெதுவும் செய்யவில்லை.

அன்று மாலை போன் வந்தது. "அக்கா, நாற்காலி கதவைப் பாத்துட்டு இருக்கு. நான் உள்ள வந்ததும் யாரோ என்னையே பாக்கற மாதிரி இருந்துச்சு. நான் அப்படிப் போடலக்கா."

"அவர் போட்டிருப்பார்டா."

"அவர் காலையில எனக்கு முன்னாடியே போயிட்டாரே."

அவள் குரல் அப்படி மெலிந்து கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. உடனே போனேன். என்னைக் கட்டிக்கொண்டாள். அன்று நான் தூங்கினேன், நன்றாக.

பிறகு ஒருநாள் தம்ளரில் பாதி குடித்த தண்ணீர். இன்னொரு நாள் சுவரில் அவள் ஒட்டியிருந்த குழந்தைகளின் படங்களை எல்லாம் திருப்பி, முகம் சுவரைப் பார்க்க ஒட்டிவிட்டு வந்தேன். வண்ணக் குச்சிகளில் சிவப்பை மட்டும் எடுத்து, அவள் படுக்கும் பக்கம் போர்வைக்கு அடியில் வரிசையாக வைத்தேன். இவை எதுவும் யாரையும் காயப்படுத்துகிற காரியங்கள் அல்ல. ஒரு கண்ணாடிப் பாத்திரம்கூட உடையவில்லை.

அவள் கணவர் முதலில் கேலி செய்தார். "பேயா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். துணி மடிக்குது, செடிக்குத் தண்ணி ஊத்துது. வாடகையில பங்கு கேளு," என்று. ஆனால் அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். பூட்டில் யார் வந்தது என்று பார்க்க முடியுமா என்று என்னிடமே கேட்டார். பார்த்துச் சொன்னேன். எங்கள் பூட்டு, திறந்த நேரத்தையும் எந்தச் சாவி என்பதையும் பதிந்து வைக்கும். ஒவ்வொரு முறையும் வீட்டுச் சாவியால்தான் திறந்திருந்தது. இரண்டு எண்களும் சரியாக இருந்தால் பூட்டுக்கு அது வீட்டுச் சாவிதான். அவருடைய சாவி அந்த நேரமெல்லாம் அவரோடு வேறு இடத்தில் இருந்தது. மிச்சம் இருந்தது அவளுடையது.

"நீதான் நடுவில வந்து போயிருக்கே, கண்ணு. உனக்கு ஞாபகம் இல்ல," என்று நான்தான் மெதுவாகச் சொன்னேன்.

புரோகிராமுக்குச் செய்த அதே உதவிதான், மேடம். அவளை நான் தொடவில்லை. அவள் ஞாபகத்தில் மட்டும் ஒரு பதிலைச் சேர்த்து வைத்தேன்.

டாக்டரிடம் நானே அழைத்துக்கொண்டு போனேன். மாத்திரை எழுதினார். அவள் பள்ளிக்குப் போவதை விட்டாள். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, வெளியே போகவும் பயம், போய்விட்டுத் திரும்பிக் கதவைத் திறப்பது எல்லாவற்றையும்விடப் பயம். சாவியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபடி எனக்குப் போன் செய்வாள். "நீ வர்ற வரைக்கும் திறக்க மாட்டேன்க்கா." நான் போய்த் திறப்பேன். முதலில் நான் நுழைந்து எல்லா அறையையும் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று சொல்வேன். அது உண்மையும்கூட.

புது ஊர் வேலை காத்திருக்காது என்பதால் அவர் முதலில் போய்ச் சேருவது, அவள் கொஞ்சம் தேறியதும் கூட்டிக்கொள்வது என்று முடிவானது. அவர் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்," என்றார். நான் அவரை ஏமாற்றவில்லை. அவரைவிட நூறு மடங்கு நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

என் வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்குப் பயம் தெளியவில்லை. ஜன்னல் அசைந்தால் எழுந்து உட்கார்ந்தாள். ஒரு காலையில் என் மடியில் படுத்துக்கொண்டு, "யாராலயும் உள்ள வரவே முடியாத இடம் ஏதாவது இருக்காக்கா?" என்று கேட்டாள்.

அவள்தான் கேட்டாள். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கள் நிறுவனம் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது உங்களுக்குத் தெரியும். பழைய கட்டடத்தை ஒப்படைக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அங்கே கீழ்த்தளத்தில் ஒரு சோதனை அறை உண்டு. பூட்டுகளின் ஓசையை அளக்கக் கட்டியது. சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்திருக்கும், உள்ளே கத்தினாலும் நடைக்குக் கேட்காது. இரும்புக் கதவு. கட்டில் போட்டேன், நல்ல மெத்தை. மேஜை, வண்ணக் குச்சிகள், தாள், ஒரு விளக்கு. பக்கத்திலேயே கழிவறையும் தண்ணீரும் உண்டு. கதவில் எங்கள் பூட்டையே பொருத்தினேன், அதே எண்ணோடு. உள்ளே இருந்து திறக்கும் பிடியைக் கழற்றிவிட்டேன், இல்லாவிட்டால் பூட்டுக்கு அர்த்தமே இல்லை.

அவள் சுற்றிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. மூடிய இடம் அல்லவா. ஆனால் வெளியே இருப்பதைவிடப் பரவாயில்லை என்று அவளே தீர்மானித்தாள். "சாத்துக்கா," என்றாள். சாத்தினேன்.

மறுநாள் போனபோது திறந்து விடச் சொன்னாள். அது பயத்தில் சொல்வது. நான் சாப்பாட்டை வைத்துவிட்டு, தலைவாரிவிட்டு வந்தேன். பிறகு தினமும் சொல்ல ஆரம்பித்தாள். புதிய ஊருக்குப் போக வேண்டும் என்றாள், அவர் பெயரைச் சொல்லி அழுதாள். அவரிடமிருந்து வந்த போன்களுக்கு நானே பதில் சொன்னேன், அவள் பேசும் நிலையில் இல்லை என்று. அவர் பொறுமையிழந்து கிளம்பி வந்துவிட்டார். அவள் எங்கே என்று கேட்டார். அவரிடம்தான் வந்திருப்பாள் என்று நினைத்ததாகச் சொன்னேன். அவர் புகார் கொடுக்க இங்கே வந்தார்.

டவுட்டு சும்மா இருந்திருந்தால் நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டீர்கள். புது மெஷினுக்கு மாற்றும்போது பழைய ஞாபகத்தையும் அப்படியே எடுத்துக்கொள் என்றுதான் எல்லோரும் சொன்னோம். அவர் மட்டும், "ஞாபகத்தை எல்லாம் அழிச்சுட்டு ஒருதடவை முதல்ல இருந்து கேட்டுடலாம். நாள் ஆகும், ஆகட்டும்," என்றார். கேட்டார். எல்லா எண்களும் பழைய பதிலையே சொல்லின. ஒன்று மட்டும் தொட்டவுடன் உடைந்தது. யாருடைய வாசல் என்று பார்த்தார். காணாமல் போனவளின் வாசல்.

நேற்று அவர் என் மேஜை அருகே வந்து நின்றபோது அவருக்குத்தான் வேர்த்திருந்தது. "ஒண்ணு மட்டும் புரியலங்க," என்றார். "தூரத் தூரமா ரெண்டு எண்ணை எடுத்திருந்தா நீங்களே வெச்சுக்கிட்டுத் திறந்திருக்கலாம். எந்த மெஷினாலயும் உடைச்சிருக்க முடியாது. ஞாபகத்துல கை வெச்சிருக்கவே வேணாம். இவ்ளோ தெரிஞ்ச நீங்க ஏன் பக்கத்துப் பக்கத்து எண்ணை எடுத்தீங்க?"

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நடுவில் யாரும் இருக்கக் கூடாது என்பதுதானே விஷயம். தூரமாக இரண்டை எடுத்தால் நடுவில் எத்தனை பேர் வந்து நிற்பார்கள்.

இவ்வளவுதான், மேடம். இப்போது கடிகாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டடத்தின் மின் இணைப்பைத் துண்டிக்க இன்று மாலை ஆள் வருகிறார்கள். அதற்குள் போய் அவளை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று இருந்தேன். காலையிலேயே நீங்கள் கூப்பிட்டுவிட்டீர்கள். அந்த அறைக்குள் காற்று மின்விசிறி வைத்த குழாய் வழியாகத்தான் வருகிறது. வீட்டுப் பூட்டுகளுக்கு பேட்டரி உண்டு, இதற்கு வைக்கவில்லை. கரண்ட் போனால் பூட்டு மூடியபடியே நின்றுவிடும், எண் தெரிந்தும் பயனில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. சொல்லியிருந்தால் நீங்கள் எழுந்து ஓடியிருப்பீர்கள். மிச்சத்தை யார் கேட்டிருப்பார்கள்.

உட்காருங்கள், ஒரு நிமிடம்தான். கதவை அறுக்க வேண்டாம், அந்தச் சத்தத்துக்கு அவள் மிகவும் பயப்படுவாள். அவள் பிறந்த தேதியை வைத்து நான் சொன்ன மாதிரி டவுட்டு நொடியில் கணக்குப் போட்டுவிடுவார். முதலில் அவள் எண், பிறகு என்னுடையது. திறந்ததும் கட்டிலில் இருக்க மாட்டாள். பூட்டுச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய், சுவரோடு ஒட்டிக்கொள்வாள். வீட்டுக்குள் வந்து போன அந்த ஆள்தான் வருகிறான் என்று நினைத்துக்கொள்கிறாள், பாவம். நான்தான் என்று சொன்ன பிறகும் வெளியே வருவதில்லை. என்னைக் கண்டு பயப்படவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும்.

நேற்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் ஒன்று சொன்னாள். நான் பிளேட்டைத் தள்ளிவிட்டுச் சாத்தப் போகும்போது. "அக்கா, அன்னிக்கு எனக்கு அஞ்சு வயசு. இப்போ கேளு. அதையே இப்போ ஒருதடவை என்கிட்ட கேளுக்கா."

நான் கேட்கவில்லை. என் கை பிடியில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

போங்கள், மேடம், நேரம் ஆகிறது. அவர் லிஃப்ட் மெக்கானிக், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், யானை பற்றி ஏதாவது பேசுவார். ஆனால் வெளியே வந்ததும் யார் கூட இருக்கப் பிரியம் என்று மட்டும் அவளிடம் யாரும் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம். அதற்கு அவள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டாள், அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.